கருவாட்டு வாடை அடித்த கம்பியூட்டர்

ஒரு கம்பியூட்டரை மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டிய ஆள் ஊவா மாகாணத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதுவும் ஒரு தடவையோடு விடவில்லை. முதலில் வேப்பிலையால் தெளித்தேன். அதில் திருப்தி வராமல் செம்பால் ஊற்றினேன். கடைசியில் வாளியைத் தூக்கிவிட்டேன்.

லொறிக்குள் கம்பியூட்டர் இருப்பது எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்கலாம். தெரியும். என் லொறி கம்பியூட்டர் லொறி என்று பதுளை பசாரில் தேத்தண்ணிக் கடை தேத்தண்ணிக் கடையாகப் போய்ச் சொன்னவனே நான்தான். அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் தெரியாது.

பதுளையில் என் பலசரக்குக் கடைக்குப் பின்னால் இருந்த முற்றம். குளிர் விடாத காலை. லொறியின் இரண்டு கதவும் விரியத் திறந்திருக்கின்றன. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நான் வாளியோடு நிற்கிறேன். உள்ளேயிருந்து மஞ்சள் தண்ணீர் படி வழியாக வடிந்து என் செருப்பை நனைக்கிறது. என் மனைவி செல்வி குசினி ஜன்னலில் கன்னத்தைக் கையில் தாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, லொறி பெரிய மனுசி ஆயிருச்சா? சொல்லியிருந்தா நாலு பேரக் கூப்பிட்டுச் சடங்கு வச்சிருக்கலாமே."

நான் வாளியை இன்னும் சாய்த்தேன். நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது லொறிக்கு மட்டுமல்ல. என் சகலையின் தலையிலும்தான்.

நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்

மற்ற உறவுகளுக்கெல்லாம் ஒரு முன்னறிவிப்பு உண்டு. பெண் பார்க்கிறோம், ஜாதகம் பார்க்கிறோம், பிள்ளைக்குப் பத்து மாதம் காத்திருக்கிறோம். சகலைக்கு எதுவும் கிடையாது. ஒருநாள் மாமனார் வீட்டுக்குப் போகிறோம். நாம் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்கிறார்.

என் சகலை தியாகு, செல்வியின் தங்கை மல்லிகாவைக் கட்டியவர். கொஸ்லந்தையில் லொறி வைத்து வாடகைக்கு ஹயர் ஓடிக்கொண்டிருந்தார். பத்திரிகையில் எழுதுவதால் 'அவர்' என்கிறேன். அந்தக் காலத்தில் மனதுக்குள் வேறு மாதிரித்தான் ஓடும்.

அவரிடம் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் அவரிடம் இருந்த பெரிய குறை. மலையிலிருந்து வரும் மாமனார் வீட்டுப் பீலியில் தண்ணீர் நின்றால், மேலே ஏறிப் பார்ப்பார். மாமியாருக்கு முழங்கால் வலித்தால் எண்ணெய் வாங்கி வருவார். நான் வாங்கிப் போவது புத்தகம். கடைக்குச் சாமான் சுற்ற வந்த பழைய தாள்களைப் படித்து வளர்ந்தவன் நான். அதனால் என் அறிவுக்குப் பெரும்பாலும் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் இருக்காது. மாமனார் வீட்டில் அந்த அறிவால் யாருக்கும் முழங்கால் வலி குறையவில்லை.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாமல் போனது அம்மன் விஷயம்.

கொஸ்லந்தைக்கு மேலே மாமனார் குடியிருந்த தேயிலைத் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழாவுக்குத் தேர் கிடையாது. அந்தச் சரிவில் தேரைக் கயிறு கட்டி இழுத்தால், பாதி வழியில் தேர்தான் பக்தர்களை இழுத்துக்கொண்டு போகும். அதனால் லொறிதான் தேர். பின்தட்டில் மூங்கில் கட்டி, வாழைமரம் நிறுத்தி, கலர்த் தாள் ஒட்டி, நடுவில் அம்மனை ஏற்றுவார்கள். முன்னால் தப்பு மேளம், அதற்குப் பின்னால் காவடி, அதற்குப் பின்னால் லொறி. தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களில், ஒவ்வொரு லயத்து வாசலிலும் நிறைகுடம் வைத்திருப்பார்கள். ஒவ்வொரு வாசலிலும் நிற்கும்.

அம்மனைச் சுமக்கும் லொறியை ஓட்டுபவருக்குக் கோயிலில் பரிவட்டம் கட்டுவார்கள். முதல் பிரசாதம் அவருக்குத்தான். சில வருடங்களாக அது தியாகுவின் லொறி.

அவர் ஓட்டுவதைப் பார்க்க வேண்டும். கண் பாதி மூடியிருக்கும். உதடு எதையோ முணுமுணுக்கும். நெற்றியில் வியர்வை வழியும். ஒரு வலியைப் பல்லைக் கடித்துத் தாங்கிக்கொள்கிற மாதிரி ஒரு உருக்கம் முகத்தில். சின்ன மாப்பிள்ளைக்கு என்ன பக்தி என்று லயத்துப் பெண்கள் பேசிக்கொண்டார்கள். சுத்த நடிப்பு என்று நான் சொன்னேன். செல்வியிடம் மட்டும்.

அந்த வருடமே நானும் ஒரு லொறி வாங்கினேன்.

ஒரு வயது இளையது

வியாபாரத்துக்கு வாங்கியதாக உலகத்துக்குச் சொன்னேன். பதுளையில் இருந்த என் கடையிலிருந்து ஸ்பிரிங்வெளி வரைக்கும் தோட்டத்துக் கடைகளுக்குச் சாமான் அனுப்பிக்கொண்டிருந்தேன். வாடகை லொறியே போதுமாயிருந்தது. ஆனால் வாடகை லொறியில் அம்மன் ஏறமாட்டாள்.

கொழும்பில் தியாகு வாங்கிய அதே இடத்தில், அதே ஜப்பான் ரீகண்டிஷன் லொறி, அதே நீல நிறம். ஒரே வித்தியாசம், என்னுடையது ஒரு வயது இளையது. இந்த வித்தியாசத்தை நான் சந்தர்ப்பம் கிடைத்தபோதெல்லாம் சொன்னேன். கிடைக்காதபோது உண்டாக்கிச் சொன்னேன்.

கம்பியூட்டர் சமாசாரத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். எங்களுக்குப் பழக்கமான பழைய லொறிகளில் மூளை டிரைவரிடம் இருந்தது. சிலரிடம் அதுவும் இல்லை. இந்த ஜப்பான் லொறிகளில் டீசல் பம்புக்கு எவ்வளவு, எப்போது என்று உத்தரவு போடுவது ஒரு சின்ன அலுமினியப் பெட்டி. அக்சிலேட்டரை நாம் மிதிப்பது வெறும் விண்ணப்பம்தான். அனுமதி பெட்டியிடம்.

அடுத்த திருவிழா நெருங்கியபோது கோயில் தலைவர் பெரியசாமியிடம் பேச்சோடு பேச்சாக என் ஆசையைச் சொன்னேன். சின்ன மாப்பிள்ளை என்ன நினைப்பாரோ என்று அவர் தயங்கினார். தியாகுவிடம் கேட்டார்கள். கேட்ட வாய் மூடுவதற்குள் அவர் சரி என்றாராம். பெரியவர் இருக்கும்போது அவருக்குத்தானே முதல் உரிமை என்றும் சொன்னாராம்.

அந்தப் பெருந்தன்மை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. சண்டை போட்டு வாங்கியிருந்தால் இனித்திருக்கும்.

கவுச்சி

லொறியைப் பார்க்கப் பெரியசாமி வந்தார். சுற்றி வந்து தட்டிப் பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டினார். கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டவர், விட்ட வேகத்தில் வெளியே எடுத்தார்.

"பெரிய மாப்புள்ள கோவிச்சுக்கக் கூடாது. கருவாட்டு வாடை அடிக்குதுங்களே. காப்புக் கட்டிட்டா எங்க லயத்துல முட்டைகூட பொரிக்க மாட்டோம். கவுச்சி ஏறுன வண்டியில ஆத்தாள எப்படிங்க ஏத்துறது?"

மறுக்க முடியவில்லை. கிழக்கில் யுத்தம் கொஞ்சம் ஓய்ந்து, பொத்துவில் பக்கத்துக் கருவாடு மொனராகலை வழியாகத் தாராளமாக வரத் தொடங்கியிருந்த காலம் அது. வாரா வாரம் என் லொறிதான் போய் ஏற்றிக்கொண்டு வந்தது. வாடை போனால் யோசிக்கலாம் என்று சொல்லிவிட்டுத் தலைவர் போனார்.

அன்றே கருவாடு ஏற்றுவதை நிறுத்தினேன். சம்பள நாளில் ஸ்பிரிங்வெளியிலிருந்து வந்த வாடிக்கைக்காரர்கள், கருவாடு இல்லாத கடைக்கு எதற்குப் பலகை போட்டு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். போகட்டும் என்று விட்டேன். பரிவட்டம் கட்டிய தலையோடு என்னை நானே கண்ணாடியில் பார்த்து முடித்திருந்தேன்.

ஆனால் வாடை போகவில்லை. சோப்புப் போட்டுக் கழுவினேன். சாம்பிராணி போட்டேன். எலுமிச்சம்பழத்தை நறுக்கி சீட்டுக்கு அடியில் வைத்தேன். சாம்பிராணியும் எலுமிச்சையும் சேர்ந்து கருவாட்டுக்குத் தாளித்த மாதிரி ஆனது. அதிலும் ஒரு விசித்திரம். காலையில் குளிர்ந்து கிடக்கும்போது வாடை லேசாக இருக்கும். ஏற்றம் ஏறி, எஞ்சின் சூடாகி, உள்ளே வெக்கை வந்ததும் கருவாட்டுச் சந்தையில் நிற்பது போல அடிக்கும்.

அப்போதுதான் எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது. தியாகு ஒளித்து வைத்திருப்பாரோ?

லொறி வாங்கிய முதல் வாரம் அவர் பதுளைக்கு வந்து லொறிக்குள் உட்கார்ந்து பார்த்தது நினைவுக்கு வந்தது. அவ்வளவு சீக்கிரம் சரி என்று சொன்னதும் நினைவுக்கு வந்தது. எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. பொறாமைக்காரனின் மூளையில் எல்லாம் பொருந்தும். சீட்டைக் கழற்றினேன். விரிப்பை உரித்தேன். செல்வியின் பழைய கொண்டை ஊசி ஒன்று கிடைத்தது. கருவாடு கிடைக்கவில்லை.

கண்ணில் படாத கவுச்சிக்குக் கண்ணில் படாத பரிகாரம்தான். மஞ்சள் கரைத்தேன். இடது பக்கம், கால் வைக்கும் இடத்தில் வாடை கூடுதலாக இருந்ததால், அந்த மூலைக்குக் கூடுதலாகவே ஊற்றினேன்.

கண் சிமிட்டும் விளக்கு

ஏற்கெனவே அவ்வப்போது இருமிக்கொண்டிருந்த லொறி, நீராட்டுக்குப் பிறகு நடுவழியில் சாகத் தொடங்கியது.

முதல் மரணம் எல்ல வளைவில். முன்னறிவிப்பே இல்லை. ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் பேச்சை நிறுத்திவிட்டது. ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து சாவியைத் திருகினால், ஒன்றும் நடக்காதது போல உயிர் வந்தது. அன்றிலிருந்து நான் எல்லாத் தேத்தண்ணிக் கடைகளுக்கும் பழக்கமானேன். கம்பியூட்டர் லொறி எப்படி ஓடுகிறது என்று அவர்கள் மரியாதையாக விசாரித்தார்கள்.

பதுளையில் சுனில் பாஸ் என்று ஒரு மெக்கானிக். தமிழ் நன்றாகப் பேசுவார்; தன்னைப் பற்றி இன்னும் நன்றாகப் பேசுவார். ஒரு துண்டு வயரை எடுத்து பொனட்டுக்கு அடியில் இருந்த சின்னப் பெட்டியின் இரண்டு ஓட்டைகளில் செருகினார். டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு கண் சிமிட்டியது. எத்தனை தடவை சிமிட்டுகிறதோ, அதுதான் நோயின் பெயராம். அன்று அது சொன்ன நோய்க்கு ஒரு சென்சரை மாற்றினார். ஸ்பிரிங்வெளி ஏற்றத்தில் லொறி நின்றது.

இரண்டாம் முறை விளக்கு வேறொரு நோயைச் சொன்னது. அதற்கும் ஒரு சாமானை மாற்றினார். இந்த முறை ஸ்பிரிங்வெளிக்குப் போகவே இல்லை; கராஜ் வாசலிலேயே நின்றது. மூன்றாம் முறை விளக்கு சிமிட்டவே இல்லை. எரிந்துகொண்டே எங்களை வெறித்துப் பார்த்தது.

பாஸ் வயரை உருவிக்கொண்டு நிமிர்ந்தார்.

"முதலாளி, இவ்வளவு நாளா நோயாளி சொன்னதக் கேட்டு மருந்து குடுத்தோம். நோயாளிக்குத்தான் பைத்தியம். கோளாறு கம்பியூட்டர்ல. ஆனா நிச்சயம் பண்ண இதே மாதிரி இன்னொரு பெட்டி வேணும். மாத்திப் போட்டு ஓடுனா, அதுதான்."

இதே லொறி பதுளையில் வேறு யாரிடமும் இல்லை, எங்கே தேடுவது என்று அவரே கேட்டார்.

எனக்குத் தெரியும். ஆனாலும் கொழும்பில் தேடலாம் என்றேன். காப்புக் கட்டு முடிந்துவிட்டது, திருவிழா இந்தச் சனிக்கிழமை, கொழும்பில் அலைய நாள் ஏது என்று செல்வி கேட்டாள். பார்க்கலாம் என்றேன். பெட்டி கேட்டுத் தியாகு வீட்டு வாசலில் நிற்பதைவிட, அம்மன் இன்னொரு வருடம் காத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

அம்மன் காத்திருப்பாளோ என்னவோ, செல்வி காத்திருக்கவில்லை. கடைப் போனை எடுத்துத் தங்கைக்குப் பேசிவிட்டாள்.

இரண்டு பெட்டிகள்

அடுத்த பஸ்ஸில் தியாகு வந்து இறங்கினார். கையில் ஒரு துவாலை. துவாலைக்குள், பச்சைக் குழந்தையைச் சுற்றிக் கொண்டுவந்தது போல, அவருடைய லொறியின் பெட்டி.

"அண்ணே, இத முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? லொறியோட வந்திருப்பேனே. இப்ப அவசரத்துல இத மட்டும் கழட்டிக்கிட்டு ஓடியாந்தேன்."

இடது பக்கக் காலடித் தகட்டைச் சுனில் பாஸ் கழற்றினார். அதற்குப் பின்னால் என் பெட்டி. நான் வாளி வாளியாக ஊற்றிய அதே மூலை. செல்வி என்னைப் பார்த்தாள். நான் கராஜ் கூரையைப் பார்த்தேன்.

தியாகுவின் பெட்டியை உடனே செருக பாஸ் விடவில்லை. வயர்களில் எங்காவது ஷோட் சர்க்கிட் இருந்தால், மாட்டிய கணத்திலேயே நல்ல பெட்டியும் எரிந்துவிடும் என்றார். மீட்டரை வைத்து ஒவ்வொரு வயராகப் பார்த்தார். பம்பைப் பார்த்தார். அவ்வளவு நேரமும் தியாகு கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முகத்தில் துளிப் பயம் இல்லை. அந்த நேரத்தில், எரிந்தாலும் எரியட்டுமே என்று எனக்குள் ஒரு நினைப்பு எழுந்து உட்கார்ந்தது. யாருடைய லொறியில் யாருக்காக எரியும் என்று கணக்குப் பார்த்ததும் படுத்துக்கொண்டது.

எரியவில்லை. ஒரே திருகில் எஞ்சின் பிடித்தது. மஞ்சள் விளக்கு அணைந்தது. பசறை வீதியில் ஏற்றம் ஏறி இறங்கி வந்தோம். இருமல் இல்லை, சாவு இல்லை. என் லொறி வாங்கிய நாளிலிருந்து இவ்வளவு நன்றாக ஓடியதில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

திரும்பி வந்ததும் பாஸ் என் பழைய பெட்டியின் மூடியைத் திறந்தார். கராஜ் முழுக்கக் கருவாடு மணந்தது.

உள்ளே சின்னச் சின்ன உருளைகள் இருந்தன. வயதானால் அதிலுள்ள மருந்துத் தண்ணீர் கசியுமாம். சூடானால் இன்னும் கசியுமாம். அதற்கு மீன் வாடை வருமாம். பலகையில் இருந்த செம்புக் கோடுகளை அது அரித்துத் தின்றிருந்தது. அதாவது, என் லொறியில் கருவாட்டு வாடை அடித்ததற்குக் கருவாடு காரணமே இல்லை. பாவம், அதை நான் அநியாயமாகக் கடையை விட்டு விரட்டியிருந்தேன்.

பாஸ் பெட்டியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "இது பச்சப் பலகை. எப்படி மஞ்சளாச்சு?"

"அதுக்குச் சடங்கு சுத்துனோம் பாஸ்," என்றாள் செல்வி.

மூலையில் ஒரு வேப்பிலையும் ஒட்டிக்கொண்டிருந்தது.

இனி இதைச் சரிக்கட்ட முடியாது, வேறுதான் போட வேண்டும் என்று பாஸ் கைவிரித்தார். நான் எதுவும் கேட்பதற்கு முன்பே தியாகு சொன்னார்: "என் பெட்டி உங்க லொறியிலயே இருக்கட்டும் அண்ணே. திருவிழா முடியட்டும். என் வண்டி வீட்டுல நிக்கட்டும்."

ஊர்வலம்

பெரியசாமி தலையை உள்ளே விட்டு மூச்சை இழுத்துப் பார்த்தார். வாடை இல்லை. அம்மன் ஏறினாள்.

நான் கனவு கண்டது போலவே எல்லாம் நடந்தன. பரிவட்டம் கட்டினார்கள். தப்பு முழங்கியது. கொளுந்து வாசமும் மல்லிகை வாசமும் கலந்து வந்தன. முதல் லயத்து வாசலில் நிறைகுடத்துக்கு முன்னால் நிறுத்தினேன். பெண்கள் தேங்காய் உடைத்தார்கள். பிறகு எல்லாருடைய கண்களும் திரும்பின. என் பக்கம் அல்ல. லொறியோடு நடந்துவந்த தியாகுவின் பக்கம்.

விஷயம் எனக்கு முன்னாலேயே மலையேறியிருந்தது. தன்னுடைய லொறியை முடக்கிப்போட்டு, அதன் மூளையைப் பிடுங்கி அம்மனுக்குக் கொடுத்தவர். ஒரு கிழவி அவர் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். அடுத்த லயத்தில் ஒலிபெருக்கியில் அவர் பெயரைச் சொன்னார்கள். அதற்கடுத்த லயத்தில் பெரியசாமி இன்னொரு பரிவட்டம் வரவழைத்து அவருக்கும் கட்டினார்.

லொறி வைத்திருந்தபோது அவருக்கு ஒரு பரிவட்டம். லொறி இல்லாதபோதும் ஒரு பரிவட்டம். நான் எதை வாங்கினால் இந்த மனிதரை முந்த முடியும் என்று யோசித்துக்கொண்டே ஓட்டினேன்.

ஓட்டினேன் என்பதும் பெரிய வார்த்தை. முதல் கியரில் ஒரு முழம் நகர்வது, நிற்பது. ஒரு முழம் நகர்வது, நிற்பது. செங்குத்தான இடங்களில் பிரேக்கை விட்டால் லொறி பின்னால் உருண்டு, கூட வருகிற சனத்தின் மேல் ஏறும். அதனால் பாதிக் கிளச்சில் தாங்க வேண்டும். மத்தியானத்துக்குப் பிறகு என் இடது கால் தனியாக ஆடத் தொடங்கியது. கண் பாதி மூடியது. நெற்றியில் வியர்வை வழிந்தது. உதடு எதையோ முணுமுணுத்தது. பெரிய மாப்பிள்ளைக்கும் பக்தி வந்துவிட்டது என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

கற்பூரப் புகைக்குள் ஒரு கருகல் வாடையும் இருந்தது. வாடை விஷயத்தில் என் மூக்கின் மேல் எனக்கிருந்த நம்பிக்கை ஏற்கெனவே போய்விட்டதால், அதை நான் பொருட்படுத்தவில்லை.

பெட்டி திரும்பிய கதை

திருவிழா முடிந்ததும் கொழும்புக்குப் போனேன். பழைய லொறிகளை உரித்து விற்கும் கடைகளில் அந்த அலுமினியப் பெட்டிகள் செங்கல் மாதிரி அடுக்கிக் கிடந்தன. முதலில் வாங்கி வந்த பெட்டிக்கு முகம், பிளக், நிறம் எல்லாம் அதேதான். ஒட்டியிருந்த இலக்கத்தின் கடைசி எழுத்து மட்டும் வேறு. அது ஓட்டோ கியர் லொறியின் பெட்டி என்று சுனில் பாஸ் கண்டுபிடித்தார். அதைப் போட்டதும் எஞ்சின் நின்ற இடத்தில் நின்று உறுமியது. மறுபடியும் போய், என் பழைய பெட்டியைக் கையிலேயே கொண்டுபோய், இலக்கத்தோடு இலக்கம் வைத்துப் பார்த்து வாங்கினேன். மஞ்சள் கறையைப் பார்த்துக் கடைக்காரர் ஏதோ கேட்க வந்தார். நான் அவசரமாக இருந்தேன்.

புதுப் பெட்டி பொருந்தியது. விளக்கு அணைந்தது. கருவாடு கடைக்குத் திரும்பியது. தியாகுவின் பெட்டியை அதே துவாலையில் சுற்றிக்கொண்டு கொஸ்லந்தைக்குப் போனேன். அதுவரைக்கும் அவருடைய லொறி முற்றத்தில் சும்மா நின்றது. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. போகும் வழியில் என் லொறி ஏற்றத்தில் உறுமியதே தவிர, நத்தை மாதிரித்தான் ஏறியது. பெட்டி நன்றாகத்தான் இருந்தது. இது வேறு ஏதோ.

தியாகு பெட்டியை வாங்கி ஓரமாக வைத்தார். மல்லிகா தேத்தண்ணி கொண்டுவந்தாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, பல வருடங்களில் முதல் தடவையாக, மனதாரச் சொன்னேன். உங்களுடைய இடத்தை எனக்கு விட்டுக்கொடுத்தீர்கள், பெட்டியையும் கொடுத்தீர்கள், இந்தப் பெரிய மனது எனக்கு வராது என்றேன்.

அவர் கூச்சத்தோடு என் லொறியின் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அத விடுங்கண்ணே. கிளச் எப்படி இருக்கு? திருவிழாவுக்கு ஒரு கிளச் பிளேட்டு போயிரும். இந்த வேலைய யார் தலையிலயாவது கட்டணும்னு நானும் வருசா வருசம் அம்மன வேண்டிக்கிட்டுத்தான் ஓட்டுனேன்."